பண்டிகைக்கு ஊருக்கு வர முடியாத ஜவானும் வீட்டாரும்: நன்றி சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது இருப்பது குன்னூர் பக்கம். தீபாவளி நெருங்கும்போது தொடங்கிப் பொங்கல் முடியும்வரை, பையன் எல்லையில் இருக்கிற வீடுகளில் இருந்தும், எல்லையில் இருக்கிற பையன்களிடம் இருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த மலையாக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

லீவு பாக்கி இருக்கிறது. ஆனாலும் பொங்கலுக்கு விடவில்லை. ஏன்?

ஒரு ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. கணக்கில் லீவு இருப்பது வேறு, கேட்ட வாரத்தில் கிடைப்பது வேறு. போஸ்ட்டைக் காலியாக விட முடியாது. ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் வெளியே போகலாம் என்று கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பார்கள்.

எங்கள் ரெஜிமென்டில் இதில் ஒரு சிக்கல் கூடுதல். இருப்பதெல்லாம் தென்னிந்தியப் பையன்கள். தமிழனுக்குப் பொங்கல் வருகிற அதே நேரத்தில் தெலுங்குக்காரருக்குச் சங்கராந்தி. இரண்டு பேரும் அதே வாரத்தைத்தான் கேட்பார்கள். சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ் மாதிரி பல மாநிலத்தார் கலந்த யூனிட்டில் சத் பூஜைக்குப் பீகார்க்காரர் போவார், அவர் திரும்பியதும் பொங்கலுக்கு நம் ஆள் கிளம்பலாம். இதற்கு மேல் ஜனவரி 15 ராணுவ தினம். 1949-ல் அந்த நாளில்தான் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். பொங்கலும் அதை ஒட்டியே வந்து நிற்கும்.

இந்தக் கணக்கை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. போன தீபாவளிக்கு உங்கள் பையன் வீட்டில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டான் என்றால், அவனுடைய சென்ட்ரி டூட்டியை வேறு ஒருவன் நின்றிருக்கிறான். இந்தப் பொங்கலுக்கு அந்த ஆள் வீட்டில் இருக்கிறார், உங்கள் பையன் நிற்கிறான். பட்டாளத்தில் நன்றி பெரும்பாலும் இப்படி டூட்டியாகத்தான் கைமாறும்.

பண்டிகை அன்று போன் செய்தால் "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டாருக்கு நன்றி சொல்ல ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

முதலில் நன்றியை மறந்துவிட்டு விவரம் கேளுங்கள். பண்டிகைக்கு முந்தின வாரமே கேட்க வேண்டும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது யார்? மழையில் சரிந்த தடுப்புச் சுவரை ஆள் வைத்துக் கட்டியது யார்? பச்சைத் தேயிலையை ஃபேக்டரி வண்டியில் ஏற்றி எடை பார்த்து விட்டது யார்? ரேஷன் கடை, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், கேஸ் சிலிண்டர் எல்லாம் நீங்கள் இல்லாமலேயே நடந்துகொண்டிருக்கிறது. யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

விவரம் கைக்கு வந்த பிறகு நன்றி தானாக வரும். "எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி" என்று மனைவியிடம் சொன்னால் அது வாழ்த்து அட்டையில் அச்சடித்த வரி மாதிரி. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நவம்பர் மழையில ரோடு அடைச்சிருந்தப்போ அம்மாவைக் கீழே மேட்டுப்பாளையம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டினியே, அதை நான் இங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். நான் அங்க இருந்திருந்தாலும் அவ்வளவு தெளிவா செஞ்சிருக்க மாட்டேன்." இதில் நன்றி என்ற சொல்லே கிடையாது. கேட்கிறவருக்கு அது தேவையும் படாது.

தம்பிக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மொத்த வீட்டுக்கும் ஒரே தடவையில் சொல்கிற நன்றி யாருக்கும் போய்ச் சேராது. முக்கியமாக, பட்டாளத்துக்காரன் வீட்டில் தங்கிப்போன தம்பியை யாரும் கவனிப்பதில்லை. அண்ணன் நாட்டுக்காக நிற்கிறான் என்று ஊரே பேசும். வீட்டுக்காக நிற்கிற தம்பிக்கு என்ன பெயர் இருக்கிறது? அவனுக்கு ஒரு போன் கூடுதலாகவே செய்யுங்கள்.

நீலகிரியின் படுகர் வீடாக இருந்தால் படுகு மொழியிலேயே பேசுங்கள். யூனிட்டில் இந்தியும் தமிழும் பேசிப் பேசி நாக்கு பழகியிருக்கும். வீட்டுப் பேச்சைக் கேட்டாலே பாட்டிக்குப் பாதிப் பண்டிகை வந்துவிடும்.

நன்றி சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். "என்னடா புதுசா, குடிச்சிருக்கியா?" என்கிறார் அப்பா.

சிரிக்கட்டும். நம் வீடுகளில் நேருக்கு நேர் சொல்லிப் பழக்கமில்லை, அதுதான் காரணம். அப்பாவிடம் சொல்ல முடியாததை அம்மாவிடம் சொல்லுங்கள், சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குப் போய்விடும். இல்லையென்றால் எழுதி அனுப்புங்கள். போனில் சிரிக்கிற அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

அங்கே பனிமலையில் பொங்கல் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் ஊர் முறையில் முடியாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதிக்கிறது. அதனால்தான் சமவெளியில் இருந்து வந்த மருமகள்கள் முதல் வாரம் "அரிசி வேகவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வார்கள். லே சுமார் 3,500 மீட்டர், அங்கே 88 டிகிரி. 5,000 மீட்டரில் இருக்கிற போஸ்ட்டில் 83-தான். திறந்த பானையில் அரிசியைப் போட்டால் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், அரிசி நடுவில் கல்லாகவே நிற்கும்.

ஆக பிரஷர் குக்கர் இல்லாமல் நடக்காது. குக்கரில் வைத்தால் பொங்கி வழியாது. பொங்கி வழியாமல் பொங்கலோ பொங்கல் என்று எப்படிக் கத்துவது? இதற்குப் பையன்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடிக்கும்: சாதத்தைக் குக்கரில் வைத்துவிட்டு, பால் பவுடரைக் கரைத்து மக்கில் ஊற்றித் தனியாக அடுப்பில் வைப்பார்கள். பால் சீக்கிரமே பொங்கி வழியும். அந்த நேரத்துக்கு எல்லாரும் கத்திவிட்டு, அப்புறம் குக்கரைத் திறப்பார்கள். சூரியனுக்குப் படைக்கிற பண்டிகை என்றாலும் அந்த மாதம் அங்கே சூரியன் எப்போது தெரியும் என்று சொல்ல முடியாது. தெரிந்தபோது கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கலந்த யூனிட் என்றால் 13-ம் தேதி பஞ்சாப்காரர்கள் லோரி பண்டிகைக்கு நெருப்பு மூட்டுவார்கள். நமக்கு அது போகிப் பக்கம். எள்ளும் வெல்லமும் அவர்களிடம் இருக்கும். ஒன்றாகச் சேர்ந்து செய்தால் வேலையும் குறையும்.

லங்கரில், அதாவது யூனிட் சமையல்கூடத்தில், சமைக்கிற ஆளை மறக்க வேண்டாம். அவருக்குப் பண்டிகை என்றால் இரட்டை வேலை. நீங்கள் பொங்கல் கேட்கிறீர்கள், இன்னொருவர் பாயசம் கேட்கிறார், மூன்றாமவர் மட்டன் எங்கே என்கிறார். படாகானா என்கிற பெரிய விருந்து முடிந்ததும் எல்லாரும் பாட்டுக்கு எழுந்து போவார்கள், பெரிய பாத்திரங்கள் அப்படியே கிடக்கும். அந்தக் குளிரில் அவரோடு நின்று நாலு பாத்திரம் கழுவிக் கொடுப்பதைவிட நல்ல நன்றி எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டில் இருந்து பார்சலில் என்ன அனுப்பலாம்?

நம் பக்கத்துப் பொருட்களில் ஊட்டி வர்க்கிதான் முதலிடம். தண்ணீர்ச் சத்து இல்லாததால் கெடாது. ஆனால் நொறுங்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் போய்ச் சேரும்போது தூளாகத்தான் இருக்கும். பிஸ்கட் டின்னில் அடுக்கி, இடைவெளியில் காகிதத்தைத் திணித்து அனுப்புங்கள். தூளாகிவிட்டாலும் பரவாயில்லை, டீயில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுவார்கள்.

தேயிலைத் தூள் அனுப்பலாம். யூனிட்டில் டீக்குப் பஞ்சமில்லை என்றாலும் சொந்த ஊர்த் தூளின் வாசனைக்கு மதிப்பு வேறு. கொடைக்கானல் பக்கத்து வீடுகளுக்கு மலைப்பூண்டு இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், ஊறுகாயாகப் போட்டால் இன்னும் நல்லது. விருப்பாச்சி மலைவாழைப்பழம் அனுப்ப ஆசைப்படாதீர்கள், பாதி வழியிலேயே கனிந்து மற்றதையும் கெடுக்கும்.

நீலகிரித் தைலம் வேண்டவே வேண்டாம். சளிக்கு நல்லதென்று ஒவ்வொரு அம்மாவும் ஒரு பாட்டில் உள்ளே நுழைக்கப் பார்ப்பார்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் எண்ணெய், விமானத்தில் போகிற தபாலில் ஏற்ற மாட்டார்கள். லைட்டர், தீப்பெட்டி, பட்டாசுக்கும் இதே கதி.

முகவரியில் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. பையனுடைய நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அப்புறம் மேற்பார்வை (c/o) 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் நிலையம், அதன் பின்கோடு. அவ்வளவுதான். ராணுவத் தபாலின் பின்கோடு எப்போதும் 9-ல் தொடங்கும். அதைத் தப்பாக எழுதினால் பார்சல் நாட்டைச் சுற்றும். கூரியர் கடையில் கொடுத்துப் பிரயோஜனமில்லை, தபால் ஆபீசுக்குத்தான் போக வேண்டும். பொங்கலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் கார்த்திகை முடிவதற்குள்ளேயே போட்டுவிடுங்கள். பனிக்காலத்தில் வழி அடைபட்டால் தபாலும் காத்திருக்கும்.

பார்சலில் உங்கள் பையனுக்கு மட்டும் வைக்காதீர்கள். போஸ்ட்டில் அவனோடு இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து வையுங்கள். அம்மாக்கள் கேட்காமலே இதைச் செய்வார்கள், அப்பாக்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறான். பண்டிகை அன்று பேசவே முடியாது.

போவதற்கு முன்பே குரல் பதிவு செய்து அம்மா போனில் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள், பண்டிகைக் காலையில் திறந்து கேட்கிற மாதிரி. வீட்டாரும் அதே மாதிரி செய்து அவன் போனில் இறக்கி வைக்கலாம். கோயில் மணி, குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய் என்று பின்னால் என்ன சத்தம் வந்தாலும் அழிக்காதீர்கள்.

யூனிட்டில் கொண்டாடிய போட்டோவை ஃபேஸ்புக்கில் போடலாமா?

கூடாது. இடம், யூனிட் பெயர், பின்னால் தெரிகிற மலை, வண்டி நம்பர் எதுவும் வெளியே போகக் கூடாது. இது வீட்டாருக்கும் பொருந்தும். "என் கணவர் இந்த இடத்தில் நாட்டைக் காக்கிறார்" என்று பெருமையாகப் போடுகிற பதிவு அவருக்கே வம்பு. பெருமையைத் தெருவில் நாலு பேரிடம் வாயால் சொல்லுங்கள், போதும்.

எங்கள் படுகர் பண்டிகையான எத்தை ஹப்பாவுக்கு வர முடியவில்லை. மனசு கேட்கவில்லை.

இதைக் கேட்கிற படுகர் பையன்கள் நிறையப் பேர். தீபாவளி, பொங்கலை யூனிட்டில் எப்படியும் கொண்டாடிவிடுவார்கள். எத்தையம்மன் கோயில் இருக்கிற பேரகணியில் வெள்ளை உடுத்தி ஊர் ஊராக வந்து சேர்கிற அந்தக் கூட்டத்தை வேறு எங்கும் உண்டாக்க முடியாது. உங்கள் சார்பில் யார் நடந்து போனார்களோ அவர்களிடம் அன்றே பேசுங்கள். யார் யார் வந்தார்கள், கூட்டம் எப்படி, பனி கொட்டியதா என்று முழுசாகக் கேளுங்கள். கேட்பதே அவர்களுக்குச் செய்கிற மரியாதை. காணிக்கையை வீட்டில் கொடுத்துவிடலாம். மற்றபடி மனசு கேட்காமல்தான் இருக்கும், அதற்கு நான் மருந்து சொல்ல முடியாது.

கூட இருக்கிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தினமும் பார்க்கிற முகங்கள்தானே.

மேலே சொன்னதுதான்: டூட்டி. நம் ஆட்களில் கிறிஸ்தவர்கள் இருப்பார்கள். டிசம்பர் 24 ராத்திரி டூட்டியை ஒரு இந்துப் பையனோ முஸ்லிம் பையனோ கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கமாக நடக்கிற காரியம். ரம்ஜானுக்கு அதே கிறிஸ்தவப் பையன் நிற்பான். ஓணத்துக்கு மலையாளிகளுக்கு டூட்டி இல்லாமல் விட்டுவிடுங்கள். இதை யாரும் பட்டியல் போட்டு வைப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று, கூட இருப்பவனுடைய வீட்டுக்குப் போன் செய்து பேசுங்கள். "உங்க பையன் இங்க எனக்கு ரொம்ப உதவியா இருக்கான்" என்று ஒரு அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவனிடம் நேரில் சொன்னால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான்.

மேலதிகாரிக்கு? லீவு கிடைக்கப் பேசிய சுபேதார் சாப், வீட்டுக் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்ட சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி), இவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வரி போதும். நீட்டினால் வேறு ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள்.

குழந்தை "அப்பா ஏன் வரல" என்று கேட்கிறது.

சின்னக் குழந்தைக்கு நாடு, எல்லை என்றெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. வராததற்கு விளக்கம் சொல்வதைவிடக் குழந்தை செய்த ஒரு வேலைக்கு அப்பா நன்றி சொல்லட்டும். பாட்டிக்குக் கம்பளி எடுத்துக் கொடுத்தாயாமே, தங்கச்சியைப் பஸ் ஏற்றிவிட்டாயாமே என்று. தான் செய்தது அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் குழந்தைக்குத் தலைகால் புரியாது. "நீதான் இப்ப வீட்டுக்கு ஆம்பளை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எட்டு வயசுப் பையன் தலையில் வைக்கிற சுமையா அது?

நாங்கள் ராணுவக் குடும்பமில்லை. ஊர்க்காரர்களாக எப்படி நன்றி சொல்லலாம்?

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் இருக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் முப்படைகளைக் குறிக்கும். அன்று திரட்டுகிற நிதி முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்தவர், உடல் உறுப்பு இழந்தவர் இவர்களின் குடும்பத்துக்குப் போகிறது. பள்ளியில் பிள்ளை கொண்டுவருகிற கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு நிறுத்தாமல் உண்டியலிலும் ஏதாவது போடுங்கள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. உங்கள் தெருவில் பென்ஷன் தாள் புரியாமல் முழிக்கிற பட்டாளத்து விதவை யாராவது இருந்தால் ஒருநாள் அங்கே கூட்டிப் போங்கள்.

எதிர்த்திசையிலும் நன்றி நடந்திருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் இருந்து வெலிங்டன் வந்த ஹெலிகாப்டர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து. அந்தச் சின்னக் குடியிருப்புச் சனங்கள்தான் முதலில் ஓடினார்கள். தண்ணீர் கொண்டு போனார்கள், வீட்டில் போர்த்திக்கொள்ள வைத்திருந்த போர்வைகளை எடுத்துக் கொடுத்தார்கள். டிசம்பர் குளிரில் இந்த மலையில் ஒரு போர்வை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். சில நாளில் ராணுவம் திரும்பி வந்து அவர்களுக்கு நன்றி சொன்னது, ஒரு வருடத்துக்கு அந்த ஊரைத் தத்தெடுத்து மாதாமாதம் டாக்டரும் நர்சும் வருவார்கள் என்று அறிவித்தது. மேடை, மாலை, சால்வை எதையும்விட மாதம் ஒரு டாக்டர் என்பது சரியான நன்றி என்று நினைக்கிறேன். வாங்கியவர்கள் ஏழைகள், டாக்டர் தேவைப்பட்டவர்கள்.

நன்றி சொல்கிற மனநிலையிலேயே இல்லை. எல்லாரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது.

அது வரும். வரக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர் பண்டிகை நாளில் போஸ்ட்டில் நின்றவர் இல்லை. அன்று கட்டாயப்படுத்திச் சிரிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், கைக்கு வேலை இருந்தால் பொழுது நகரும். கூட இருக்கிற ஒருவனிடமாவது சொல்லிவிடுங்கள்.

நாள் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது பண்டிகை ஏக்கம் இல்லை. யூனிட் டாக்டரிடம் போங்கள். யூனிட் மதகுருவிடமும் பேசலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை. வீட்டில் இருக்கிற மனைவிக்கும் இதே எண் உதவும்.

லீவில் வந்ததும் உதவி செய்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ராணுவக் கேன்டீன் மது பாட்டில் கொடுத்தால் போதாதா?

மலையில் இதுதான் நடைமுறை நன்றி என்று எனக்கும் தெரியும். கேன்டீன் சரக்கு உங்கள் சொந்த உபயோகத்துக்குத் தருவது. அதை விற்பது குற்றம், அதில் சந்தேகமே வேண்டாம். அதைவிட முக்கியம், அம்மாவை ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அவர் மட்டுமில்லை, அவர் மனைவியும்தான் கூட உட்கார்ந்திருந்தார். பாட்டில் அந்த அம்மாவுக்கு என்ன செய்யும்? சாயங்காலமாகப் பார்த்து உங்கள் மனைவியோடு போங்கள், டீ குடியுங்கள், அன்று என்ன நடந்தது என்று அவர்கள் வாயால் கேளுங்கள். அவர்கள் தோட்டத்தில் கவாத்து, அதாவது தேயிலைச் செடி வெட்டுகிற வேலை, நடக்கிற நாளாக இருந்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.